சின்னப் பிள்ளைக்கு முகம் வீங்குது, யூரினில் நுரை: காரணம் பாக்கெட் தீனியா?

கேள்வி: 9 மார்ச் 2025, உசிலம்பட்டிப் பக்கத்து வாசகர்

அக்கா மகனுக்கு நாலு வயது. காலையில் எழும்போது கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்குகிறது, சாயங்காலம் அது வடிந்து காலில் இறங்குகிறது. மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். யூரினில் புரதம் போகிறது, நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் அக்காவைத்தான் ஏசுகிறார்கள், பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிக் கொடுத்துப் பிள்ளை கிட்னியைக் கெடுத்துவிட்டாள் என்று. எனக்கும் அப்படித்தான் படுகிறது. உப்பு, மசாலா, போர் தண்ணி, இதை விட்டால் இந்த வயதில் கிட்னி கெட வேறு என்ன இருக்கிறது? ஸ்டீராய்டு வேண்டாம், நாட்டு மருந்து பார்ப்போம் என்கிறார் பெரியப்பா. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

9 மார்ச், இரவு

தம்பி, திருநகரிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு மூன்று வயதில் இதே நோய் வந்தது. இப்போது ஐந்தாவது படிக்கிறான். அக்காவை ஏசுவதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். பாக்கெட் தீனி நல்லதென்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த நோய் அதனால் வருவதில்லை. போர் தண்ணியாலும் வருவதில்லை.

ஏன் வந்தது, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, கிட்னி நிஜமாகவே எப்போது பழுதாகிறது. இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள், மூன்றுக்கும் பதில் வேறு வேறு. நம் வீடுகளில் மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டி, பெற்றவள் தலையில் கொட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் மாமியார் ஒரு வருடம் வரை ஜவ்வரிசி வடகத்தைச் சொன்னார். அது அவரே போட்ட வடகம் என்பதை என் வீட்டுக்காரர்தான் ஞாபகப்படுத்தினார்.

நடப்பது இதுதான். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. ரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதத்தை அவை வெளியே விடக் கூடாது. இந்த நோயில் விட்டுவிடுகின்றன. ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பதில் அல்புமினுக்குப் பெரிய பங்கு. அது குறைந்தால் நீர் தோலுக்கடியில் சேரும். ராத்திரி படுத்திருப்பதால் காலையில் முகத்தில், பகலெல்லாம் நிற்பதால் சாயங்காலம் காலில். சிறுநீர் நுரைப்பது புரதத்தால். இதில் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கழிவை வெளியேற்றும் வேலையைக் கிட்னி ஒழுங்காகவே செய்துகொண்டிருக்கும். ‘கிட்னி போச்சு’ என்று தெருவில் சொல்வது வேறு, இது வேறு.

இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் அதிகம் வரும். சின்ன வயதில் பெண் பிள்ளைகளைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆண் பிள்ளைகளுக்கு வருகிறது. இங்கிலாந்தில் கணக்கெடுத்தபோது அங்கேயே பிறந்து வளர்ந்த தெற்காசியக் குழந்தைகளிடம் வெள்ளைக்காரக் குழந்தைகளைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. அங்கே என்ன போர் தண்ணி?

ரிப்போர்ட்டில் நாலு எண்ணைப் பார்த்துப் போடுங்கள்: ரத்த அல்புமின், கொலஸ்ட்ரால், கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு), யூரினில் புரதம் எத்தனை பிளஸ். பையனின் உயரமும் வேண்டும். ரத்த அழுத்தம் பார்த்தார்களா? யூரின் எப்போதாவது சிவப்பாகவோ கறுப்புக் காப்பி நிறத்திலோ போனதா?

10 மார்ச்

எண்களுக்கு நன்றி. அல்புமின் 1.8, கொலஸ்ட்ரால் 390, யூரினில் 4 பிளஸ், கிரியேட்டினின் 0.4, ரத்த அழுத்தம் சரி, சிவப்பு இல்லை. நான் டாக்டர் இல்லை. ஆனாலும் இது பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருகிற சாதாரண வகை மாதிரிதான் தெரிகிறது. கொலஸ்ட்ராலைப் பார்த்து முட்டையையும் கறியையும் நிறுத்த வேண்டாம். அல்புமினை ஈடுகட்ட ஈரல் கூடுதலாக வேலை செய்யும்போது அதுவும் சேர்ந்து ஏறுகிறது, நோய் அடங்கினால் தானாக இறங்கும்.

உப்பு: வீக்கம் இருக்கும்போது குறைக்க வேண்டும், ஏனென்றால் உப்பு நீரைப் பிடித்து வைக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் வேண்டாம். வீட்டுச் சாப்பாட்டில் பாதி உப்பு போதும். வீக்கம் வடிந்த பிறகு எல்லோரும் சாப்பிடுவதைச் சாப்பிடலாம். உப்பில்லாப் பத்தியம் என்று மாதக்கணக்கில் பிள்ளையைப் பட்டினி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தேவையில்லாத வதை.

16 மார்ச்

‘அப்போ எதனாலதான் வருது, அதைச் சொல்லுங்க’ என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எனக்கும் இந்தக் கேள்விதான் பல வருடம் தூக்கத்தைக் கெடுத்தது. இது கொஞ்சம் நீளும்.

1940களுக்கு முன்பு இந்தப் பிள்ளைகளுக்கு மருந்தே கிடையாது. பாதிப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள், அதுவும் பெரும்பாலும் கிருமித் தொற்றால். அப்போது டாக்டர்கள் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். வீங்கிக் கிடந்த சில பிள்ளைகளுக்குத் தட்டம்மை வந்ததும் வீக்கம் வடிந்து புரதம் நின்றது. வேண்டுமென்றே தட்டம்மையைத் தொற்ற வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மை வந்தால் நோய் போகிறது என்றால் கோளாறு கிட்னியிலா, உடம்பின் எதிர்ப்பு சக்தியிலா? தட்டம்மை சில காலத்துக்கு எதிர்ப்பு சக்தியை அமுக்கி வைக்கும். 1950களில் வந்த ஸ்டீராய்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. இதையெல்லாம் கோத்து, எதிர்ப்பு அணுக்கள்தான் வடிகட்டியைக் குலைக்கின்றன என்று 1974இல் ஷால்ஹூப் என்பவர் எழுதினார். எந்தப் பொருளால் குலைக்கின்றன என்று பல பத்தாண்டுகளாகத் தேடியும் பிடிபடவில்லை.

இன்னொரு பக்கம் மரபணுக்காரர்கள் வந்தார்கள். பின்லாந்தில் பிறக்கும்போதே இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களை ஆராய்ந்து 1998இல் நெஃப்ரின் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். வடிகட்டியின் வெளிப்பக்கத்துச் செல்களுக்குக் கால்கள் உண்டு. இரண்டு கை விரல்களையும் கோத்தது போல அடுத்தடுத்த செல்களின் கால்கள் பின்னியிருக்கும், அந்த இடுக்கை மூடிய சல்லடைதான் நெஃப்ரின். நம் பிள்ளைகளின் கிட்னிச் சதையைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குற்றமே தெரியாது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில்தான் அந்தக் கால்கள் தட்டையாகிக் கிடப்பது தெரியும்.

இந்த இரண்டு பாதையும் 2022இல் சேர்ந்தன. சில நோயாளிகளின் ரத்தத்தில் நெஃப்ரினையே தாக்கும் எதிர்ப்பொருள் இருப்பதைப் பார்த்தார்கள். 2024இல் ஐரோப்பாவில் பெரிய அளவில் சோதித்தார்கள். பிள்ளைகளில் பாதிக்குச் சற்று மேல் அது இருந்தது. நோய் தீவிரமாக இருந்து, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எதுவும் எடுக்காமல் இருந்த பிள்ளைகளை மட்டும் எடுத்தால் பத்தில் ஒன்பது பேரிடம் இருந்தது. நோய் அடங்கும்போது அதுவும் குறைகிறது.

ஆக, உங்கள் மருமகனின் எதிர்ப்பு சக்தி அவனுடைய வடிகட்டியையே எதிரியாக நினைத்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி நினைக்க வைத்தது எது என்பதற்கு இன்னும் முழுப் பதில் இல்லை, பிறவியிலேயே கொஞ்சம் சாய்வு உண்டு என்பது மட்டும் தெரிகிறது. ஜவ்வரிசி வடகம் இந்தக் கதையில் எங்கேயும் வரவில்லை.

18 மார்ச்

கொட்டாம்பட்டியிலிருந்து கேட்டவருக்கு. உங்கள் மகளுக்கு முதலில் சொறி சிரங்கு, மூன்று வாரம் கழித்து முக வீக்கம், யூரின் கோலா நிறம், ரத்த அழுத்தம் கூடுதல். இது நான் மேலே எழுதியது இல்லை, வேறு நோய். தோலிலோ தொண்டையிலோ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றி, அதன் பின்விளைவாக வடிகட்டியில் அழற்சி வருவது. தொண்டை வலியென்றால் ஒன்றிரண்டு வாரத்தில், சிரங்கென்றால் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் வரும். இதில் ஆபத்து ரத்த அழுத்தம்தான், திடீரென்று ஏறி வலிப்பு வரலாம், அதனால் அட்மிட் ஆகச் சொன்னால் மறுக்காதீர்கள். நல்ல சேதி என்னவென்றால் பெரும்பாலும் முழுசாகச் சரியாகிவிடும், திரும்ப வருவது அபூர்வம். ரத்தத்தில் சி3 என்ற எதிர்ப்பு சக்திப் புரதத்தைப் பார்ப்பார்கள், குறைந்திருக்கும், இரண்டு மாதத்துக்குள் ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால் மறுபடி யோசிப்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் சிரங்குக்குச் சேர்த்து வைத்தியம் பாருங்கள்.

30 மார்ச்

வீட்டிலேயே யூரின் பார்ப்பது பற்றி. இதை விட்டால் இந்த நோயில் பெற்றவர்கள் கையில் வேறு ஆயுதம் இல்லை.

காலையில் முதல் யூரின். பகலில் ஓடியாடிய பிறகு பிடித்தால் நல்ல பிள்ளைக்கும் கொஞ்சம் புரதம் தெரியலாம். டெஸ்ட் டியூபில் முக்கால்வாசி நிரப்பி, மேல் பகுதியை மட்டும் தீயில் காட்ட வேண்டும். கீழே தெளிவாகவே இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேலே கலங்கினால் ரெண்டு சொட்டு வினிகர் விடுங்கள். கலக்கம் போனால் அது பாஸ்பேட், போகாவிட்டால் புரதம். லேசான கலங்கல், தயிர் மாதிரி திரிதல் என்று போகப் போகப் பிளஸ் கூடும். சல்ஃபோசாலிசிலிக் அமிலம் வாங்கி வைத்தால் அடுப்பே வேண்டாம், சில சொட்டில் தெரியும். யூரினில் முக்கிப் பார்க்கும் ஸ்ட்ரிப் சுலபம், ஆனால் விலை, டப்பாவைத் திறந்து போட்டால் நமத்தும் போகும்.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற டாக்டர், வீங்கிய நோயாளிகளின் யூரினைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவர்த்தியில் காய்ச்சி இதே கலக்கத்தைப் பார்த்தார். 1827இல் புத்தகமாக எழுதினார். சிறுநீரக வைத்தியமே அந்தக் கரண்டியிலிருந்து ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் அதற்கென்று தனி அடுப்பு, தனி இடுக்கி. காஸ் அடுப்பில் செய்தால் மாமியார் வீட்டை விட்டே போய்விடுவார்.

ஒரு நோட்டில் தேதி, பிளஸ், எடை, மருந்து, சளி காய்ச்சல் இருந்ததா என்று எழுதுங்கள். மூன்று நாள் தொடர்ந்து ஒன்றுமில்லை அல்லது லேசு என்றால் நோய் அடங்கியது. மூன்று நாள் தொடர்ந்து 3 பிளஸ் அல்லது அதற்கு மேல் என்றால் ரிலாப்ஸ், அதாவது நோய் திரும்பிவிட்டது. முகம் வீங்கும் வரை காத்திருந்தால் பல நாள் பின்தங்கிவிடுவீர்கள்.

2 ஏப்ரல்

நோட்டு நனைந்துவிடும், செல்போனில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். எழுதலாம். டாக்டரிடம் போகும்போது சார்ஜ் இருக்கட்டும்.

14 மே

சித்திரைத் திருவிழா முடிந்ததும் இந்தக் கேள்வி பதில் இழைக்கு உயிர் வந்துவிட்டது. அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்க்கப் போய் வந்து பிள்ளைக்குச் சளி, சளியோடு 3 பிளஸ் என்று ரெண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். உசிலம்பட்டித் தம்பியும் அதில் ஒருவர்.

மேலே சொன்ன மூன்றில் ரெண்டாவது கேள்வி இது. நோய் வந்ததற்குக் காரணம் சளி இல்லை. அடங்கிக் கிடப்பதைத் தட்டி எழுப்புவது பெரும்பாலும் சளிதான். அதற்காகப் பிள்ளையை அறைக்குள் பூட்டவா முடியும்? நான் முதல் ரெண்டு வருடம் பூட்டித்தான் வைத்திருந்தேன், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அந்தக் கோட்டை இடிந்தது. இப்போது கூட்டத்தில் கையைக் கழுவுவது, வீட்டில் யாருக்காவது சளி என்றால் தள்ளிப் படுப்பது, அவ்வளவுதான். தண்ணி பீய்ச்சும் இடத்தில் அவன்தான் முன்னால் நிற்பான்.

சளி பிடித்ததும் ஸ்டீராய்டைக் கொஞ்ச நாள் தினமும் கொடுத்தால் ரிலாப்ஸைத் தடுக்கலாம் என்று ரொம்ப நாளாக ஒரு வழக்கம் உண்டு. நம் ஊர் டாக்டர்கள் பலர் அப்படித்தான் சொல்வார்கள், முன்பு வந்த சிறிய ஆய்வுகளும் அதையே சொல்லின. 2021 கடைசியில் இங்கிலாந்தில் முந்நூற்றைம்பது பிள்ளைகளுக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வில் அதனால் பயன் தெரியவில்லை. ஆகவே நீங்களாக மாத்திரையைக் கூட்ட வேண்டாம், உங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரையில் இருக்கும் பிள்ளைக்கு அவர் வேறு கணக்கு வைத்திருக்கலாம்.

சளியைவிட எனக்குப் பயம் அம்மைதான். கோடையில் தெருவுக்கு ரெண்டு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்குகிறது. ஸ்டீராய்டில் இருக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை நுரையீரல் வரை போகலாம். அம்மை போட்ட வீட்டுக்குப் பிள்ளை போய் விளையாடிவிட்டு வந்தது தெரிந்தால் கொப்புளம் வரட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள், முன்கூட்டியே கொடுக்கும் ஊசி மருந்து இருக்கிறது. கொப்புளம் வந்துவிட்டால் அசைக்ளோவிர் என்ற மருந்து உண்டு. சின்னம்மைத் தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது, ஸ்டீராய்டு அதிகமாகப் போகும் சமயத்தில் போடக் கூடாது. கூடப் பிறந்தவர்களுக்குப் போட்டு வைக்கலாம்.

15 மே

‘ஆத்தா வந்திருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றீங்களே, சாமிக்குத்தம் ஆகாதா’ என்று கேட்ட அக்காவுக்கு. நானும் வருடா வருடம் தெப்பக்குளம் மாரியம்மன் கோயிலுக்கு மாவிளக்கு எடுக்கிறவள்தான். வேப்பிலையும் கட்டினேன், மருந்தும் கொடுத்தேன். ஆத்தா ஒன்றும் கோபிக்கவில்லை.

22 ஜூன்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. ‘எம் புள்ளைய எல்லாரும் பன்னுன்னு கூப்பிடுறாங்க’ என்று ஒரு அம்மா அழுது எழுதியிருக்கிறார். என் மகனுக்குப் பெயர் ‘குண்டா’. ஸ்டீராய்டில் முகம் உருண்டுபோகும், பசி பேய்ப் பசியாக இருக்கும். என் மகன் ராத்திரி எழுந்து பழைய சோற்றைத் தேடியிருக்கிறான். கோபமும் வரும். மருந்து குறைந்ததும் முகம் பழையபடி ஆகிவிடும். டீச்சரிடம் போய் நேரில் சொல்லிவிடுங்கள், அது வேலை செய்கிறது.

முகம் போகட்டும், கவனிக்க வேண்டியவை வேறு. உயரம் நின்றுபோகிறதா, ரத்த அழுத்தம் ஏறுகிறதா, கண்ணில் புரை விழுகிறதா. கண்ணுக்கு வருடம் ஒருமுறை காட்டுங்கள், அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைத் தள்ளிப்போடக் கூடாது. வாரக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, உடம்பு சொந்தமாகச் சுரப்பதை மறந்திருக்கும்.

முதல் தடவைக்கு ஆறு வாரம் தினமும், பிறகு ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதுதான் இந்தியக் குழந்தை சிறுநீரக டாக்டர்களின் வழிகாட்டுதல். ஆறு மாதம் இழுத்துக் கொடுத்தால் திரும்ப வராது என்று நினைத்துப் பார்த்தார்கள். டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இங்கிலாந்திலும் பிற்பாடு அதே மாதிரிதான் வந்தது. கூடுதல் மருந்துதான் மிச்சம்.

அடிக்கடி திரும்ப வரும் பிள்ளைக்கு ஸ்டீராய்டைக் குறைக்க வேறு மருந்துகள் உண்டு. என் மகனுக்கு முதலில் எழுதியது லெவாமிசோல். என் கொழுந்தன் செக்கானூரணிப் பக்கம் ஆடு வளர்க்கிறான். அட்டையை வாங்கிப் பெயரைப் படித்துவிட்டு, ‘மதினி, இதை நான் கிடாய்க்குல்ல ஊத்துறேன்’ என்றான். நிஜம்தான், ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுக்கும் பூச்சி மருந்து அது. ரிலாப்ஸ் குறைவதைப் பார்த்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள். விலையும் குறைவு. ரத்த அணு எண்ணிக்கையை மட்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும். அதற்காக ஆட்டு மருந்துப் பாட்டிலை யாரும் தொடாதீர்கள், அளவு வேறு. எங்களுக்கு ஒரு வருடம் தாங்கியது, அப்புறம் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோஃபெனோலேட் என்ற மருந்துக்கு மாறினோம்.

6 ஜூலை

மூன்றாவது கேள்வி. கிட்னி நிஜமாகவே பழுதாவது யாருக்கு?

ஸ்டீராய்டுக்குப் புரதம் நின்றுவிட்டால், எத்தனை தடவை திரும்ப வந்தாலும், கிட்னி செயலிழப்பது மிக அபூர்வம். பத்தில் எட்டொன்பது பிள்ளைகளுக்கு நிற்கும், ஒன்றிரண்டு பேருக்கு நிற்காது. கவலை இவர்களுக்குத்தான். கிட்னிச் சதையில் துளி எடுத்துப் பார்க்கும் பயாப்சி செய்வார்கள், மரபணுப் பரிசோதனை கேட்பார்கள். இப்படி மருந்துக்கு மசியாத பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஒற்றை மரபணுக் கோளாறு தெரிந்திருக்கிறது. சல்லடையே பிறவியில் கோணலாக அமைந்திருந்தால் எதிர்ப்பு சக்தியை அடக்கி என்ன பயன்? அதனால்தான் காரணத்தைத் தேடுவது வெறும் ஆர்வக் கேள்வி இல்லை, கொடுக்கிற மருந்தே அதைப் பொறுத்து மாறுகிறது. இதில் சில கோளாறுகள் அம்மா அப்பா ரெண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். தாய்மாமனைக் கட்டும் ஊரில் அதற்கு வாய்ப்பு கூடும். இதை எடுத்துக்கொண்டு இன்னொரு சண்டையைக் கிளப்பாதீர்கள். மருந்துக்கு அடங்கிய பிள்ளை வீட்டில் இந்தப் பேச்சே தேவையில்லை.

இந்த இழையில் யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். சின்ன வயதிலேயே டயாலிசிஸ் வரை போகும் பிள்ளைகளில் பெரும் பங்கு நெஃப்ராட்டிக் பிள்ளைகள் இல்லை. சிறுநீர்ப் பாதை பிறவியிலேயே கோளாறாக அமைந்தவர்கள்தான் அதிகம். ஆண் குழந்தைக்குச் சிறுநீர்க் குழாயில் அடைப்பு வால்வு, யூரின் பையிலிருந்து கிட்னிக்கே திரும்ப ஏறுவது, கிட்னி சிறுத்துப் பிறப்பது. இவர்களுக்கு முகம் வீங்காது. யூரின் சொட்டுச் சொட்டாகப் போகும், அல்லது காரணம் தெரியாத காய்ச்சல் அடிக்கடி வரும், அல்லது வளர்ச்சியே இருக்காது. ‘சோணிப் பய’ என்று விட்டுவிடுவார்கள். கர்ப்ப ஸ்கேனில் குழந்தையின் கிட்னி வீங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தால் பிறந்த பிறகு மறுபடி ஸ்கேன் எடுக்காமல் விடாதீர்கள். ஆண் குழந்தை என்றால் இன்னும் சீக்கிரம்.

அடுத்து கிரியேட்டினின். லேப் தாளில் பக்கத்தில் 0.6 முதல் 1.2 வரை சரி என்று அச்சடித்திருப்பது பெரியவர்களுக்கு. பிள்ளைக்குத் தசை குறைவு, கிரியேட்டினினும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். 0.413ஐ உயரத்தால், அதாவது சென்டிமீட்டரால், பெருக்கி கிரியேட்டினினால் வகுங்கள். நூறு சென்டிமீட்டர் பிள்ளைக்கு 0.4 என்றால் 103 வரும், நன்றாக இருக்கிறது. அதே பிள்ளைக்கு 0.9 என்றால் 46தான். கிட்னி பாதி வேலைதான் செய்கிறது, தாளோ நார்மல் என்கிறது. எங்களோடு வார்டில் இருந்த ஒரு குழந்தையின் பழைய ரிப்போர்ட்டில் இப்படித்தான் ஒரு 0.9 இருந்தது. ஒரு கிளினிக்கில் அதைப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். இதற்காகத்தான் மார்ச்சில் உயரத்தைக் கேட்டேன்.

7 ஜூலை

லேப் டெக்னீஷியன் ஒருவர் சொன்னதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நேற்றைய கணக்கு என்சைம் முறையில் பார்த்த கிரியேட்டினினுக்குத்தான் சரியாகப் பொருந்தும். பல சின்ன லேபில் பழைய ஜாஃபே முறை, அதில் கொஞ்சம் கூட்டிக் காட்டும். ஒரு வயதுக்குக் கீழ் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். திடீரென்று உடம்பு மோசமான நாளிலும் இது ஏமாற்றும். 90க்கு மேல் நிம்மதி, 60க்குக் கீழ் வந்தால் சிறுநீரக டாக்டரிடம் காட்ட வேண்டும் என்ற மட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

9 அக்டோபர்

மத்தியப் பிரதேசத்துச் சேதியைப் பார்த்து எல்லோரும் பதறுகிறீர்கள். நியாயம். சிந்துவாராவில் இருமல் சிரப் குடித்த பிள்ளைகள் கிட்னி நின்று இறந்திருக்கிறார்கள், சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎதிலீன் கிளைக்கால் இருந்தது. 1937இல் அமெரிக்காவில் இதே விஷம் ஒரு மருந்தில் கலந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள், 2022இல் காம்பியாவில் அறுபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். சிரப்பை இனிப்பாகக் கரைக்கச் சுத்தமான கரைப்பான் வாங்காமல் மலிவானதை வாங்குவதும், வாங்கியதைச் சோதிக்காமல் விடுவதும்தான் பெரும்பாலும் காரணம்.

இது நெஃப்ராட்டிக் இல்லை. சில நாளில் யூரின் அடியோடு நின்றுபோகும், வடிகட்டிக்கு அடுத்துள்ள குழல்கள் வெந்துபோனது மாதிரி ஆகும். நம் பிள்ளைகளுக்குச் சளிக்கு சிரப் எதற்கு? சின்னக் குழந்தைக்கு இருமல் சிரப்பால் பெரிய பயன் கிடையாது. அஞ்சு வயதுக்குக் கீழ் பொதுவாக வேண்டாம் என்றுதான் மத்திய சுகாதாரத் துறையும் சொல்லியிருக்கிறது. வலி மாத்திரையிலும் கவனம்: வீக்கம் உள்ள பிள்ளைக்கு ஐபுப்ரோஃபென் கொடுக்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்.

நாட்டு மருந்து பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பெரியப்பா மறுபடி ஆரம்பித்திருக்கிறார் போல. கஷாயத்தோடு எனக்குச் சண்டையில்லை. பாதரசமும் பாஷாணமும் சேர்ந்த பற்பம், செந்தூரம் என்று யாராவது பொட்டலம் கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பாதரசமே வடிகட்டியைக் கெடுத்துப் புரதத்தை வெளியே விடும். வேலூர் சிஎம்சி டாக்டர்கள் 2022இல் இப்படி நாட்டு மருந்து சாப்பிட்டு வந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மலப்புரத்தில் சிவப்பழகு கிரீமால் அதே நோய் வந்ததை 2023இல் கண்டார்கள். பலருக்கு மருந்தையும் கிரீமையும் நிறுத்தியதும் குறைந்திருக்கிறது.

1 நவம்பர், ராத்திரி

தம்பி, இப்போதுதான் பார்த்தேன். முகம் வீங்கி நாலு நாள், வயிறு உப்பலாக இருக்கிறது, இன்றைக்கு வயிற்றுவலி, காய்ச்சல் 102, ஓம வாட்டர் கொடுத்துக் காலையில் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். இப்போதே கிளம்புங்கள். வயிற்றில் தேங்கிய நீரில் கிருமி பிடித்திருக்கலாம், அந்தக் காலத்தில் இந்தப் பிள்ளைகளைக் கொன்றது அதுதான். உசிலம்பட்டியில் நேரத்தைப் போக்காமல் நேரே மதுரைக்கு வாருங்கள், பெரியாஸ்பத்திரியில் எந்த நேரமும் குழந்தைகள் வார்டு உண்டு. போனதும் ‘நெஃப்ராட்டிக் பிள்ளை, ஸ்டீராய்டில் இருக்கான், வயித்துவலி, காய்ச்சல்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்க வேண்டாம்.

2 நவம்பர்

ஆன்டிபயாடிக் ஏற்றுகிறார்கள், வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் உயிர் வந்தது. ஸ்டீராய்டை அவர்கள் சொல்கிறபடி விடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

5 நவம்பர்

டிஸ்சார்ஜ் ஆகும்போது நியூமோகாக்கல் ஊசி பற்றிக் கேளுங்கள். இந்த வயிற்றுத் தொற்றுக்குப் பெரும்பாலும் அந்தக் கிருமிதான் காரணம். தமிழ்நாட்டில் அரசு தடுப்பூசிப் பட்டியலில் அது சேர்ந்தது 2021 ஜூலையில். உங்கள் மருமகன் அதற்குக் கொஞ்சம் முன்னால் பிறந்தவன், அரசு பட்டியல்படி போட்டிருக்க வாய்ப்பு குறைவு. ரெண்டு வகை ஊசி உண்டு, இந்தப் பிள்ளைகளுக்கு ரெண்டும் வேண்டும், இடைவெளி விட்டுப் போடுவார்கள். இது உயிருள்ள கிருமி இல்லாததால் ஸ்டீராய்டில் இருக்கும்போதும் போடலாம். தடுப்பூசி அட்டையை அக்கா எங்கே வைத்திருக்கிறார் என்று இன்றைக்கே தேடச் சொல்லுங்கள்.